காலையில் போட்ட கையெழுத்து

அந்த அணியில் பதினாறு பேருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி பார்த்தால் ஒருத்திக்கு மட்டும்தான் அண்ணி, கோல்கீப்பருக்கு. ஆனால் அந்தக் கோல்கீப்பர் "அண்ணி, தோள் வலிக்குது", "அண்ணி, பேண்டேஜ் எங்க" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கோச் மேடமே "அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடையாள அட்டையில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டிருந்ததை ஒருவரும் படிப்பதில்லை.

கோல்கீப்பரை எல்லோரும் பூட்டு என்பார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு போட்டியில், "கோலுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்கய்யா!" என்று வர்ணனையாளர் மைக்கில் கத்தினார். அன்று ஒட்டிக்கொண்டது, போகவே இல்லை.

அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததற்கும் பூட்டுதான் காரணம். ஏழு வருஷத்துக்கு முன், தன் முட்டிக்கு ஐஸ் வைத்துவிட்டுக்கொண்டிருந்த இவளிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "அப்ப எங்க அண்ணனைப் பாருங்க. ரொம்ப மோசமில்ல," என்றாள். டீமோடு ஊர் ஊராகச் சுற்றுகிற பெண் வேண்டாம் என்று அவள் அம்மா மூக்கைச் சுளித்தபோது, "நானும்தான் சுத்தறேன். என்னை எங்க கொண்டு போய் விடப் போறே?" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் சண்டை போட்டு அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தாள். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள்?

இப்போது அந்த நாத்தனார் ஹோட்டல் அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தாள். மணி காலை ஒன்பது.

"பஸ் எத்தனை மணிக்கு அண்ணி?"

"பத்தரைக்கு."

அண்ணி பையில் டேப், ஸ்ப்ரே, ஐஸ் பொட்டலம், பந்து நழுவாமலிருக்க விரலில் பூசும் பிசினைத் துடைக்க எண்ணெய் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

அண்ணியின் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். பூட்டு சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவின் கயிறு மட்டும் இன்னும் கட்டப்படாமல் கிடந்தது.

பெண்களுக்கான சர்வதேச ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் அது. பன்னிரண்டு நாடுகள். இவர்களுடைய அணி இதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. இந்தத் தடவை எப்படியோ சூடு பிடித்துவிட்டது. இன்றைய ஆட்டத்தையும் ஜெயித்தால் கடைசி நாலு அணிகளில் ஒன்று. கடைசி நாலுக்குள் வந்தால் எல்லோருக்கும் நிரந்தர வேலை என்று அமைச்சரே வழியனுப்பு விழாவில் வாக்குக் கொடுத்திருந்தார். பூட்டுக்கு வயது இருபத்தொன்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று, நீட்டிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வருவாள். இதற்கு மேல் இன்னொரு சாம்பியன்ஷிப் அவள் வயதுக்குக் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

நேற்றைய ஆட்டத்தில், முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, ஏழு மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தி வீசிய பெனால்டி நேராகப் பூட்டின் நெற்றிப்பொட்டில் மோதியது. வெட்டிய மரம் மாதிரி விழுந்தாள். அண்ணி ஓடிப்போய்க் குனிவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "பந்து உள்ள போகல இல்ல?" என்று கேட்டாள். போகவில்லை. அரங்கமே எழுந்து கை தட்டியது. அந்த ஆட்டத்தை ஒரு கோலில் ஜெயித்தார்கள். பூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பெண்கள் வட்டமடித்தபோது, அண்ணி மட்டும் கீழே நின்று அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் அடிபட்டவளைத் தூக்கிக் குலுக்காதீங்கடி என்று கத்தினாள். யார் காதில் விழும்?

"தலை வலிக்குதா?" என்றாள் இப்போது.

"இல்லையே."

"அப்ப திரைய ஏன் மூடினே?"

"வெயில் மூஞ்சியில அடிக்குது. அது குத்தமா?"

அண்ணி நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். தலையில் அடிபட்டவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஐந்து வார்த்தைகள் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்க வேண்டும். பூட்டு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"பொம்மை, கத்தரி, மலை, தட்டு, குதிரை. போதுமா? பின்னாலேர்ந்தும் சொல்லட்டுமா?"

மூன்று மாதத்துக்கு முன், முகாமில் எல்லோரையும் உட்காரவைத்து அண்ணி கேட்டிருந்த அதே ஐந்து வார்த்தைகள். பதினாறு பேரிடமும் கேட்டதில் அறை முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது. வேறு ஐந்து வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஜன்னல், பால், ரயில் என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் ஆயிற்று. அண்ணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

கதவு தட்டப்பட்டது. கோச் மேடம். கையில் போட்டி மருத்துவக் குழுவின் படிவம். முந்தின நாள் தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் விளையாடத் தகுதியானவர்தான் என்று அணியின் மருத்துவப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி," என்றார் கோச் மேடம், வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய். "மெடிக்கல் நீங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். ஆனா ரெண்டாவது கோல்கீப்பர் காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. மூணாவதுக்கு விசாவே வரல. மத்தியானத்துக்குள்ள ஒரு கோல்கீப்பரை நான் மாவு பிசைஞ்சா செய்ய முடியும்?"

"மேடம், அவ ஒரே கேள்விய ரெண்டு தடவை கேக்கறா."

"நானும்தான் கேக்கறேன். நேத்து ராத்திரி எவ தூங்கினா?"

அறைக்குள்ளிருந்து பூட்டு எட்டிப் பார்த்தாள். ஷூ கயிற்றைக் கட்டி முடித்திருந்தாள். "அண்ணி," என்றாள், குரலை இறக்கி. "இன்னிக்கு ஒரு நாள். ஒரு மணி நேரம். அப்புறம் நீங்க சொல்ற ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் படுத்துக்கறேன். எனக்காக இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா உங்ககிட்ட?"

கேட்டதே இல்லை. கொடுத்ததுதான் எல்லாம்.

அண்ணி படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் எழுதவில்லை. மேலே இன்னொரு தடவை இழுத்தாள்.

*

முதல் பாதியில் பூட்டு ஆடியதைப் பார்த்தவர்கள், அண்ணி பயந்ததை நம்பவே மாட்டார்கள். இடது மூலையிலிருந்து வந்ததைக் காலால் தடுத்தாள். பந்தோடு தனியாக ஓடிவந்தவளுக்கு முன் நட்சத்திரம் மாதிரி கையையும் காலையும் விரித்துக் குதித்து, மார்பில் வாங்கினாள். எதிரணியில் ஒரு இடதுகைக்காரி இருந்தாள், ஆறடி உயரம், அவள் வீசினால் பந்து சீறுவது பெஞ்சு வரைக்கும் கேட்கும். அவளுடைய ஐந்து வீச்சில் மூன்று வீண். பாதி ஆட்டம் முடிந்தபோது பதினாலுக்குப் பன்னிரண்டு, இவர்கள் முன்னால்.

"பாத்தீங்களா?" என்றார் கோச் மேடம். அண்ணி தலையாட்டினாள். நாம்தான் பயந்து சாகிறோமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

இடைவேளை முடிந்தால் அணிகள் பக்கம் மாற வேண்டும். பூட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நேராக முதல் பாதியில் நின்ற கோலுக்கே நடந்து போனாள். எதிரணிக் கோல்கீப்பர் வந்து, இது என்னுடையது என்று சைகை காட்டினாள். பூட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள், நகரவில்லை. கேப்டன் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பார்வையாளர்கள் சிரித்தார்கள். பெஞ்சிலும் சிரித்தார்கள்.

"மேடம், அவளை எடுத்துடுங்க."

"பதட்டத்துல எல்லாரும்தான் மாறிப் போவாங்க."

"மேடம்."

"அண்ணி, உக்காருங்க. பெஞ்சுல ஒருத்தர்தான் நிக்கணும். நம்மளுக்கு மஞ்சக் கார்டு வாங்கிக் குடுத்துடாதீங்க."

உட்கார்ந்தாள். இரண்டாவது பாதியில் பூட்டின் கை ஒரு நொடி பிந்தத் தொடங்கியது. வேறு யாருக்கும் தெரியாது. ஏழு வருஷமாக அந்தத் தோளையும் மணிக்கட்டையும் பிடித்துவிட்டவளுக்குத் தெரியும். இரண்டு கோல் வித்தியாசம் ஒன்றாயிற்று, மறுபடி இரண்டாயிற்று, மறுபடி ஒன்றாயிற்று. பந்தைத் தடுத்து எடுத்த பூட்டு அதை நேராக எதிரணிக்காரியின் கைக்கே வீசினாள். நல்லகாலம், அவள் அவசரத்தில் நழுவவிட்டாள்.

முடிய பதினோரு நிமிஷம் இருக்கும்போது, இடதுகைக்காரி எம்பி வீசினாள். பூட்டு கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையும் தொங்க, கூரையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பத்தில் அடித்து, அரங்கமே அதிர, ஆடுகளத்துக்கே திரும்பித் துள்ளியது. பூட்டு திடுக்கிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி எழுந்தாள். "டைம் அவுட் கேளுங்க மேடம்!"

கோச் மேடத்தின் கையில் பச்சை அட்டை இருந்தது. அதைக் கொண்டுபோய் நேரக்காப்பாளர் மேஜையில் வைத்தால் ஆட்டம் ஒரு நிமிஷம் நிற்கும். மீதி இருந்தது அந்த ஒன்றுதான். கடைசி இரண்டு நிமிஷத்துக்கென்று அவர் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதுமட்டுமில்லை, பந்து நம் கையில் இருக்கும்போதுதான் அட்டையை வைக்க முடியும். கம்பத்தில் பட்டுத் துள்ளிய பந்தை எடுத்தவள் எதிரணிக்காரி.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது என்று வீடியோவில் பார்த்தவர்கள் சொல்வார்கள். அண்ணிக்கு அது முடியவே இல்லை. எதிரணி அவசரப்படவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து நடுவுக்கு என்று பந்து கை மாறிக்கொண்டே இருந்தது. பந்து போகும் பக்கமெல்லாம் பூட்டு திரும்பினாள், ஆனால் பந்து அங்கிருந்து போன பிறகு. ஒருத்தி வீசினாள். தடுப்புக்காரியின் கையில் பட்டு வெளியே போனது. மறுபடி அவர்களுக்கே பந்து. கடவுளே, அவர்கள் கோல் போட்டுத் தொலைக்கட்டும் என்று அண்ணி வேண்டினாள். தன் அணிக்கு எதிராக ஒரு கோல் விழ வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்தாள். கோல் விழுந்தால்தான் பந்து நம் கைக்கு வரும். மூலையில் விழட்டும். கீழே விழட்டும். தலைக்கு மட்டும் வேண்டாம்.

"கையைத் தூக்குடி!" என்று கத்தினாள். நடுவர் திரும்பி மஞ்சள் அட்டையைக் காட்டினார். அதைப் பார்க்கவே இல்லை அவள்.

இடதுகைக்காரி மறுபடி எம்பினாள். பந்து பூட்டின் இடுப்போரமாகப் போய் வலையில் விழுந்தது. சமம்.

நம் பெண்கள் நடுக்கோட்டுக்கு ஓடினார்கள். நடுவர் விசில் ஊதினார். பந்து நம் கையில். கோச் மேடம் அட்டையை மடியில் வைத்திருந்தார். அண்ணி அதைப் பிடுங்கினாள். பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கியதுபோல் ஒரே பாய்ச்சல். "அண்ணி! வைங்க அதை!" என்று பின்னால் ஒரு கை அவள் சட்டையைப் பிடித்தது. உதறிவிட்டுப் போய் மேஜையில் அறைந்தாள். சைரன் அலறியது.

மேஜைக்குப் பக்கத்தில் போட்டி மருத்துவர் உட்கார்ந்திருந்தார், நரைத்த, அமைதியான மனிதர். அண்ணி அவர் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"காலையில நான் போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்கறேன் டாக்டர். அவ ஆடக்கூடாது. காலையிலயே அவ ஆடற நிலையில இல்ல."

மருத்துவர் எழுந்து பூட்டிடம் போனார். விரலைக் காட்டி ஏதோ கேட்டார். பூட்டு அவரைத் தாண்டி அண்ணியைப் பார்த்தாள். "என்ன அண்ணி, ஆரம்பிக்கப் போறாங்களா?" என்றாள்.

அவ்வளவுதான்.

உள்ளே போட்டிருக்கும் சட்டையின் எண் தெரியும்படி முதுகில் ஓட்டை வெட்டிய கோல்கீப்பர் சட்டை ஒன்று எல்லா அணியிலும் ஆபத்துக்கு இருக்கும். அதை அணியிலேயே இளையவளுக்கு, மூலையில் ஆடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மாட்டினார்கள். அவள் பல் கிட்டித்துப் போக நின்றாள். இரண்டைத் தடுத்தாள், அதுவே பெரிசு. மீதியெல்லாம் போயிற்று. இருபத்தைந்துக்கு இருபத்தேழு. கடைசி சைரன் ஒலித்தபோது அண்ணி அரங்கத்தில் இல்லை, ஆம்புலன்ஸில் பூட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிவைக் கேப்டன் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சந்தோஷமா அண்ணி?" என்று கேட்டாள்.

*

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தக் கசிவு இல்லை, விரிசல் இல்லை. "மூளை குலுங்கியிருக்கு. ஓய்வுதான் மருந்து," என்றாள் அங்கிருந்த டாக்டர். சின்ன வயசுக்காரி, கனிவாகப் பேசினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டாள் அண்ணி.

"இன்னொரு அடி பட்டிருந்தா உயிருக்கே ஆபத்தா போயிருக்கலாம். படலைன்னா ஒண்ணும் ஆகியிருக்காது. அதை யாரால சொல்ல முடியும்?"

யாராலும் முடியாது. அண்ணிக்கு அந்த வெள்ளை அறையில் அழுகைகூட வரவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி அந்தப் படத்தில் இருந்திருந்தால், தூக்கிக் காட்டியிருக்கலாம். இதோ, இதற்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படி நினைத்த மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பூட்டு கண்ணைத் திறந்தாள். சாயங்கால வெளிச்சம் திரை ஓரமாகக் கசிந்தது.

"மேட்ச் என்ன ஆச்சு அண்ணி?"

"தோத்துட்டோம்மா. ரெண்டு கோல்ல."

பூட்டின் முகம் மெல்லக் கலைந்தது. உதடு துடித்து, கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. அண்ணி துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேட்ச் என்ன ஆச்சு அண்ணி?"

மறுபடி சொன்னாள். மறுபடி அதே முகம், அதே துடிப்பு, அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவளின் அழுகை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. நாலாவது தடவை அண்ணி வராந்தாவுக்கு ஓடிவந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஜெயிச்சோம்னு சொல்லிடேன்," என்றான் அவன், குரல் கம்மி. "எப்படியும் மறந்துதானே போறா."

உள்ளே போனாள். பூட்டு கேட்டாள். "ஜெயி..." வரைக்கும் வந்தது வாய். பூட்டின் கண்ணில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் எழும்பியது. அதைப் பார்த்ததும் அண்ணியால் முடிக்க முடியவில்லை. காலையிலேயே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. "இல்லம்மா, தோத்துட்டோம்," என்றாள். அந்த வெளிச்சத்தைத் தன் கையாலேயே அணைத்தாள்.

ஆறாவது தடவை பூட்டு கேள்வியைப் பாதியில் நிறுத்தினாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"இதை ஏற்கெனவே கேட்டேனா?"

"கேட்டே. அஞ்சு தடவை."

"அஞ்சு தடவையும் தோத்தோமா?"

"ஆமா."

"நான் எங்க இருந்தேன்?"

"பத்து நிமிஷம் இருக்கறப்போ உன்னை வெளிய எடுத்துட்டாங்க."

"யாரு? மேடமா?"

"நான்."

பூட்டு அவளையே பார்த்தாள். இது மறக்காது என்று அண்ணிக்குப் புரிந்தது.

"சமமா இருந்துச்சா அப்ப?"

"சமமாத்தான் இருந்துச்சு."

"வெளிய போங்க அண்ணி," என்றாள் பூட்டு. கத்தவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாள். போன் அடித்தது. மாமியார். ஊரில் தெரு முழுக்கக் கூடி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"என்னம்மா பண்ணிட்டே?" என்றாள் மாமியார். "நல்லாத்தானே நின்னுக்கிட்டிருந்தா. எல்லாரும் கேக்கறாங்க. நீ ஓடிப்போய் நிறுத்தினியாமே. அவ வாழ்க்கைய..."

"அத்தை, நான் நிறுத்தினது தப்பில்ல." என்றாள் அண்ணி. "காலையில நான் விட்டதுதான் தப்பு. அவளுக்கு முடியலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். அவ கேட்டா, எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. அவ அந்தக் கோல்ல நின்ன ஒவ்வொரு நிமிஷமும் நான் விட்டதால நின்னதுதான். யார் கேட்டாலும் அதைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ டிவியை அணைப்பது கேட்டது.

"இப்ப எப்படி இருக்கா?" என்றாள் மாமியார் கடைசியில்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. எங்கூடப் பேச மாட்டேங்கறா."

"பேச மாட்டா. ஒரு வாரம் சாப்பிடாம சண்டை போட்டவ அவ." மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் உன்மேல கோவம்தான். விட்டதுக்கும் நிறுத்தினதுக்கும் சேத்துக் கோவம்தான். ஆனா நீ அங்கேர்ந்து நகராத."

"சரி அத்தை."

போனைப் பையில் போடப் போனாள். கோச் மேடம் அனுப்பியிருந்த செய்தி அதற்குள் வந்திருந்தது: நாளைக் காலைக்குள் எழுத்தில் விளக்கம் தரவும். பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள். முதல் வரியில் காலை ஒன்பது மணி என்று போட்டாள். அதற்குப் பிறகு கேள்வி, வார்த்தைகள், திரைச்சீலை, ஒன்றையும் விடவில்லை. அறைக்குள் பூட்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் பேனாவை நிறுத்திக் காது கொடுத்தாள். அவள் கூப்பிடவில்லை. மறுபடி எழுதினாள்.